விழுந்தனவும் வீழ்த்தப்பட்டனவும்: ஆங்கில வினைகள் சில பற்றிய நோக்கு

வீழ்ச்சியையும் தோல்வியையும் உணர்த்தும் வினைச்சொற்கள் ஆங்கிலத்திலே பலவுள. சுவர் பொடிந்து உதிர்வதற்குக் 'கிரம்பிள்' என்றும், கப்பல் நீர் நிறைந்து அமிழ்வதற்கு 'ஃபவுண்டர்' என்றும், தூண் பாரந்தாங்காது நெளிவதற்குப் 'பக்கிள்' என்றும் அம்மொழியார் வேறுபடுத்தி வழங்குவர். இச்சொல்வளம் ஆங்கிலம் பயில்வோரை எளிதில் ஈர்ப்பது. ஆயின் இவ்வினைகளுட் பலவற்றுக்குப் பொதுவான ஓரியல்பு அத்துணை கவனத்தைப் பெறுவதில்லை. விழுந்த பொருளே எழுவாயாகி நிற்க, வாக்கியம் அவ்வளவில் நிறைவுபெற்றுவிடுகின்றது. விழச்செய்தவர் யாரென்ற வினாவுக்கு அங்கே இடமில்லை.

இன்று பெருவழக்கிலுள்ள 'கொலாப்ஸ்' என்னுஞ் சொல், ஒருங்கே வழுகி வீழ்தல் எனப் பொருள்படும் இலத்தீன் மூலத்திலிருந்து பிறந்தது. பதினெட்டாம் நூற்றாண்டிலே அது வினையாக வழங்கத் தொடங்கியபோது உடலுறுப்புக்கள் தளர்ந்து சுருங்குவதையே பெரிதுங் குறித்தது. கட்டடம், விலை, அரசு, பேச்சுவார்த்தை என்பன பின்னர் வந்து சேர்ந்தன. நுரையீரல் எவருடைய குற்றமுமின்றிச் சுருங்கக்கூடும். அந்தக் குற்றமின்மை சொல்லோடு கூடவே வங்கிக்கும் பாலத்துக்கும் வந்துவிட்டது. 'பெயில்' என்பதன் வரலாறு இன்னும் சுவையானது. பழைய பிரெஞ்சு வழியாக வந்த அச்சொல்லின் இலத்தீன் வேருக்கு ஏமாற்றுதல் என்பது பொருள். அப்பொருள் ஆங்கிலத்திலே தேய்ந்து போயிற்று.

இவ்வியல்பை விளங்கிக்கொள்ள ஸ்கொட்லாந்திலே பதினைந்து மாத இடைவெளிக்குள் நிகழ்ந்த இரு சம்பவங்கள் போதும். 1878 ஒக்ரோபரிலே கிளாஸ்கோ நகர வங்கி தன் கதவுகளை மூடியது. வங்கி 'பெயில்' ஆயிற்று என்பதே அதனைக் குறிக்கும் ஆங்கில வழக்கு. உண்மையில் நிகழ்ந்தது யாது? வங்கியின் நெறியாளர்கள் திரும்பிவராத கடன்களை மறைத்துப் பொய்யான ஐந்தொகைகளை வெளியிட்டிருந்தனர். 1879இன் தொடக்கத்திலே எடின்பரோ நீதிமன்றம் அவர்களைக் குற்றவாளிகளெனக் கண்டு சிறையிட்டது. பங்குதாரரின் பொறுப்புக்கு வரையறை இல்லாமையால் அவர்களுட் பெரும்பாலோர் தம் சொத்தனைத்தையும் இழந்தனர். வேர்ச்சொல்லின் பழம்பொருள் அவ்வங்கியளவில் எழுத்துக்கெழுத்து உண்மையாயிற்று. ஏமாற்றியோர் இருந்தனர், எனினும் வாக்கியத்தில் வங்கி மட்டுமே இருந்தது.

1879 டிசம்பர் 28ஆம் நாள் இரவு, வீசிய புயலிலே டே ஆற்றின் மீதிருந்த புகையிரதப் பாலத்தின் நடுப்பகுதி, கடந்து கொண்டிருந்த வண்டியோடு ஆற்றில் வீழ்ந்தது. வண்டியிலிருந்த எவரும் உயிர் தப்பவில்லை. பாலம் திறக்கப்பட்டு இரண்டாண்டுகூட ஆகவில்லை. பாலம் விழுந்தது என்னும் வாக்கியத்தை இங்கே பொய்யெனக் கூறவியலாது. காற்றும் இருந்தது, வீழ்ச்சியும் இருந்தது. ஆனால் 1880இலே வெளிவந்த விசாரணை அறிக்கை அவ்வாக்கியத்தோடு அமைதியுறவில்லை. அமைப்புத் திட்டம், கட்டுமானம், பராமரிப்பு ஆகிய மூன்றிலும் குறை கண்டு, விசாரணைக்குத் தலைமை வகித்தவர் பொறியியலாளர் சேர் தோமஸ் பவுச் மீது பெரும்பொறுப்பைச் சுமத்தினார். வார்ப்பிரும்பிலிருந்த துளைகள் மெழுகும் இரும்புத்தூளும் கலந்த பசையால் மறைக்கப்பட்ட செய்தியும் அவ்விசாரணையில் வெளிப்பட்டது. எழுவாயைத் தேடுவதே விசாரணை என்றுகூடச் சொல்லலாம்.

இங்கு ஒன்றை நியாயமாகக் கூறவேண்டும். பொறியியலாளர் கையிலே இவ்வினைகள் மழுங்கியவையல்ல. இரும்பு இளகியதா, நெளிந்ததா, வெடித்ததா என்பதை அவர்கள் தனித்தனிச் சொல்லாலே பிரித்துரைப்பர். அவர்களுக்குப் 'பெயில்' என்பது ஆய்வின் தொடக்கம். செய்தி எழுதுவோருக்கோ பெரும்பாலும் அது முடிவு.

சில வேளைகளில் எழுவாய் உண்மையிலேயே பொருத்தமானது. 1845இலே அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் 'பெயில்' ஆயிற்று. நோய்க்கிருமியொன்று அதனை அழித்தது. அம்மட்டில் வினை பிழையற்றது. ஆனால் தொடர்ந்த பஞ்சத்திலே ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் மாண்டபோதும், தானியமும் கால்நடையும் அந்நாட்டிலிருந்து கப்பலேறிக் கொண்டிருந்தன. பயிருக்குப் பொருந்திய சொல்லைப் பஞ்சத்துக்கும் நீட்டியதே பிழை. 2013 ஏப்ரலில் டாக்காவுக்கு அருகே ரானா பிளாசாக் கட்டடம் விழுந்து ஆயிரத்து நூறுக்கு மேற்பட்டோர் இறந்தபோதும் 'கொலாப்ஸ்' என்ற சொல்லே உலகெங்கும் வழங்கிற்று. முதல்நாளே சுவரில் வெடிப்புக் கண்டும் ஆடைத் தொழிலாளரை மறுநாள் உள்ளே வரவழைத்தவர்கள் அச்சொல்லுக்கு வெளியே நின்றனர்.

தமிழின் நிலை யாது? உடைந்தது, உடைத்தனர்; கவிழ்ந்தது, கவிழ்த்தனர்; குலைந்தது, குலைத்தனர்; முறிந்தது, முறித்தனர் என இணையிணையாக வினைகளைக் கொண்டது தமிழ். ஆங்கிலத்திலே 'பிறேக்', 'ரொப்பிள்' போன்றவை ஒரே வடிவில் இரு பொருளுக்கும் நிற்க, தமிழில் எழுதுபவர் ஒற்றெழுத்தளவிலேனும் ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்தேயாக வேண்டும். இதனால் தமிழர் பொறுப்புணர்வு மிக்கவராயினர் என்று கொள்வது பேதைமை. பேச்சுவார்த்தை 'முறிந்தது' என்று தமிழ்ப் பத்திரிகைகள் எழுதும்போது, 'முறித்தனர்' என்ற வடிவம் கைக்கெட்டிய தூரத்திலேயே இருந்தது. எழுதியவர் அதனை எடுக்கவில்லை.

மொழிபெயர்ப்பிலே வேறொரு கேடும் உண்டு. ஆங்கிலத்தில் 'பெயில்' என்பதை அடுத்து மற்றொரு வினை வந்தால், செய்யவேண்டியதைச் செய்யாது விட்டமையே பொருள். அதற்குத் 'தவறினர்' என்ற சொல் தமிழில் உண்டு. அவ்வாறிருக்க, அதிகாரிகள் 'நடவடிக்கை எடுப்பதில் தோல்வியடைந்தனர்' என்று எழுதுவது, முயன்று தோற்றவர் என்னும் பெருமையை முயலாதவருக்கு வழங்குவதாகும். பல்கலைக்கழகத்தார் அறிந்த உதாரணமும் ஒன்றுண்டு. மாணவன் பரீட்சையில் 'பெயில்' ஆவதும், பரீட்சகர் மாணவனைப் 'பெயில்' ஆக்குவதும் ஆங்கிலத்திலே ஒரே வினைதான். சித்தியடையவில்லை என்ற நம் வழக்கிலே பரீட்சகர் முற்றாக மறைந்துவிடுகிறார்!

2022 ஏப்ரலிலே இலங்கை தன் வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை இடைநிறுத்தியபோது, நாடு 'வங்குரோத்து' அடைந்தது என்றும் பொருளாதாரம் சரிந்தது என்றும் எழுதப்பட்டது. உடைந்த பலகை எனப் பொருள்படும் இத்தாலியத் தொடரின் வழிவந்த குடும்பத்தைச் சேர்ந்தது அச்சொல். பலகையை உடைத்தவர் யாரென்பதைச் செய்தி வாக்கியங்கள் கூறவில்லை. 2023 நவம்பரிலே உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, முன்னாள் ஆட்சித் தலைவர்களும் உயர் அதிகாரிகளும் பொதுமக்களின் நம்பிக்கையை மீறினர் என்று கண்டது. அவ்வாக்கியத்தில் எழுவாய் பொருளாதாரம் அன்று.