சர்வைவர்ஸ்: பேரழிவுத் தொடரும் அதன் மறுஆக்கமும்

சர்வைவர்ஸ் (பிழைத்தவர்கள்) பிரிட்டனின் பிபிசி தொலைக்காட்சி 1975 முதல் 1977 வரை ஒளிபரப்பிய தொடர். கொள்ளைநோயால் மனிதர்களில் பெரும்பாலானவர்கள் இறந்தபின் எஞ்சிய சிலரின் வாழ்க்கையைச் சொல்வது. டெர்ரி நேஷன் இதை உருவாக்கினார். 2008-ல் ஏட்ரியன் ஹாட்ஜஸ் இதே கதையைப் புதிய தொடராக எழுதினார். அந்த மறுஆக்கம் இரண்டு பருவங்களுடன் 2010-ல் நின்றது.

மூலத்தொடர் உழைப்பையும் கைத்திறனையும் பற்றிய ஒரு கேள்வியைக் கேட்டது. மறுஆக்கம் அதை விட்டுவிட்டு வேறொரு கேள்வியை எடுத்துக்கொண்டது. பழைய தொடர் ஒன்றை இன்றைய பார்வையாளருக்காகத் திரும்ப எடுக்கும்போது எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்று ஆராய இவ்விரண்டும் பொருத்தமான உதாரணங்கள். தமிழில் இப்படியொரு தொடர் எடுக்கப்பட்டால் அது எந்த மண்ணில் நிற்கவேண்டும் என்பதற்கு ஆலைத்தொழிலாளர் பகுதியான புதுச்சேரி முதலியார்பேட்டை ஓர் உரைகல்லாக இருக்கிறது.

மூலத்தொடர்

டெர்ரி நேஷன் டாக்டர் ஹூ தொடரின் டாலெக் என்னும் எதிரிகளைப் படைத்ததால் புகழ்பெற்றவர். சர்வைவர்ஸ் மூன்று பருவங்களாக 38 அத்தியாயங்கள் வெளிவந்தது. டெரன்ஸ் டட்லி தயாரித்தார். ஆய்வகத்தில் கண்ணாடிக்குடுவை ஒன்று விழுந்து உடைவதும், தொடர்ந்து விமானப் பயணங்களும் கடவுச்சீட்டில் விழும் முத்திரைகளும் தலைப்புக் காட்சியில் வரும். நோய் எப்படிப் பரவியது என்பதற்கு அந்தச் சில நொடிகளே போதும் எனத் தொடர் முடிவுசெய்துகொண்டது. அதன்பின் அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை.

முதல் பருவத்தின் மையம் ஆபி கிராண்ட் (கேரலின் சீமோர்). வசதியான குடும்பத்தலைவியான அவள் விடுதிப் பள்ளியில் படித்த மகன் பீட்டரைத் தேடிப் புறப்படுகிறாள். வழியில் பொறியாளரான கிரெக் பிரஸ்டன் (இயன் மெக்கல்லக்), லண்டனிலிருந்து தப்பிவந்த ஜென்னி (லூசி ஃபிளெமிங்), நாடோடியான டாம் பிரைஸ் (டால்ஃபிரின் தாமஸ்) ஆகியோர் சேர்ந்து சிறு குழு ஆகிறார்கள். இரண்டாம் பருவத்தில் அவர்கள் விவசாயக் குடியிருப்பு ஒன்றில் இணைகிறார்கள். மூன்றாம் பருவம் சிதறிக் கிடக்கும் குடியிருப்புகளைத் தொடர்புபடுத்தும் முயற்சிகளைக் காட்டி, ஸ்காட்லாந்தின் நீர்மின் நிலையத்தை மீண்டும் இயக்குவதில் முடிகிறது.

இந்த வரிசையில் ஒரு தர்க்கம் உண்டு. முதலில் உணவு, அடுத்து கூடி வாழ்தல், பிறகு போக்குவரத்து, நாணயம், மின்சாரம். மூன்றாம் பருவத்தில் கிரெக் இறந்தபின் அவரது பெயரெழுத்துகளைத் தாங்கிய பணம் அச்சிடப்படுகிறது. அதன் மதிப்புக்கு ஈடாக இருப்பது பெட்ரோல். நாகரிகத்தின் ஒவ்வொரு அடுக்கும் எதன்மேல் நிற்கிறது என்று தொடர் படிப்படியாகக் காட்டியது.

மையக் கேள்வி

முதல் அத்தியாயத்தில் பள்ளியைச் சென்றடையும் ஆபி, பிழைத்திருக்கும் முதிய ஆசிரியர் ஒருவரைச் சந்திக்கிறாள். கடைகளில் எஞ்சியிருக்கும் பொருட்கள் தீர்ந்தபின் என்ன செய்வீர்கள் என்பது அவரது கேள்வி. ஒரு சாதாரண வீட்டுப்பொருளைச் செய்யக் கருவி வேண்டும், கருவிக்கு இரும்பு வேண்டும், இரும்பை மண்ணிலிருந்து பிரிக்கத் தெரிந்தவர் வேண்டும் என்று அவர் அடுக்கிச் செல்கிறார். தொடரின் மூன்று பருவங்களும் இந்த உரையாடலிலிருந்தே விரிகின்றன.

இதற்கு அக்காலச் சூழலும் காரணம். 1973-ன் எண்ணெய் நெருக்கடியும் சுரங்கத் தொழிலாளர் போராட்டமும் சேர்ந்து 1974-ன் தொடக்கத்தில் பிரிட்டன் ஆலைகளை வாரத்துக்கு மூன்று நாள் மட்டும் இயக்கும் நிலைக்குத் தள்ளின. மின்வெட்டை நேரில் அனுபவித்த பார்வையாளர்களே தொடரைப் பார்த்தனர். நகர வாழ்வை விட்டு வீட்டுத் தோட்டத்தில் பயிரிட்டு வாழும் தம்பதியைப் பற்றிய தி குட் லைஃப் என்னும் நகைச்சுவைத் தொடரை பிபிசி தொடங்கியதும் 1975 ஏப்ரலில்தான்.

அந்தக் காலத்தின் முன்முடிவுகளும் தொடரில் உள்ளன. நாயகர்கள் நடுத்தர, மேல்நடுத்தர வர்க்கத்தினர். அவர்களது பேச்சும் பழக்கமும் கலைவதே இல்லை. இரண்டாம் அத்தியாயத்தில் அவசரகால அதிகாரம் தனக்கு உண்டு என்று அறிவித்து ஆயுதக்குழு நடத்தும் ஆர்தர் வோம்லி ஒரு தொழிற்சங்கத் தலைவர். ஒழுங்கு குலைந்தால் முதலில் சர்வாதிகாரி ஆகிறவர் சங்கத்தலைவர் என்ற கற்பனை அன்றைய பிரிட்டிஷ் நடுத்தர வர்க்கத்தின் அச்சம்.

சட்டமும் ஒழுங்கும்

தொடரின் உச்சமாகப் பலரும் சொல்வது முதல் பருவத்தின் ‘சட்டமும் ஒழுங்கும்’ என்னும் அத்தியாயம். குடியிருப்பில் ஓர் இளம்பெண் கொல்லப்படுகிறாள். மனவளர்ச்சி குன்றிய இளைஞன் பார்னி மீது சந்தேகம் விழுகிறது. குழு கூடி வாக்களித்து அவனுக்கு மரணதண்டனை விதிக்கிறது. தண்டனை நிறைவேறிய பிறகு கொலையைச் செய்தவர் டாம் பிரைஸ் என்று தெரிகிறது. தலைமையில் இருப்பவர்கள் அதை வெளியே சொல்லவில்லை. காரணம் எளிமையானது: வேலைசெய்யும் கைகள் குறைவு, டாமை இழக்க முடியாது.

வேலைக்கு ஆகாதவன் என்று கருதப்பட்டவன் சாகிறான். வேலைக்குத் தேவையானவன் குற்றவாளியாக இருந்தும் வாழ்கிறான். உழைப்பு என்னும் கேள்வி இங்கே நீதியின் கேள்வியாக மாறுகிறது. எந்த நாயகரையும் இந்த அத்தியாயம் தூய்மையானவராக விட்டுவைக்கவில்லை. நீண்ட உரைகளோ அழுகைகளோ இல்லை. மறுநாள் வேலை தொடர்கிறது என்பதே அதன் கொடுமை.

மறுஆக்கம்

ஏட்ரியன் ஹாட்ஜஸின் தொடர் 2008 நவம்பரில் பிபிசி ஒன் அலைவரிசையில் தொடங்கியது. பருவத்துக்கு 6 என 12 அத்தியாயங்கள். பழைய தொடரை அல்லாமல், டெர்ரி நேஷன் 1976-ல் வெளியிட்ட நாவலை அடிப்படையாகக் காட்டியது. ஆபியாக ஜூலி கிரஹாம், கிரெக்காகப் பேட்டர்சன் ஜோசஃப், டாம் பிரைஸாக மேக்ஸ் பீஸ்லி நடித்தனர்.

மாற்றங்களில் சில நியாயமானவை. 2008-ன் பிரிட்டனைக் காட்ட வெள்ளையர் மட்டும் போதாது. கிரெக் கறுப்பினத்தவர். அல் சாதிக் பணக்கார வீட்டு விளையாட்டுப்பிள்ளை. தற்செயலாக அவன் பொறுப்பில் வந்துசேரும் சிறுவன் நஜீத் மார்க்கப்பற்றுள்ளவன். உலகமே அழிந்தபின் தொழுகையையும் உணவு விலக்கையும் கடைப்பிடிக்க முயலும் சிறுவனும், அதை மறந்துவிட்ட இளைஞனும் அருகருகே இருப்பது மூலத்தில் இல்லாத நல்ல சேர்க்கை.

அமைச்சர் சமந்தா வில்லிஸ் இன்னொரு ஆதாயம். அழிந்துபோன அரசின் கடைசிப் பிரதிநிதி அவர். மூலத்தின் தொழிற்சங்கத் தலைவருக்கு மாறாக, இங்கே அதிகாரம் அரசின் பெயராலேயே திரும்பி வருகிறது. மரங்களுக்கும் வயல்களுக்கும் நடுவே ஒரு குடியரசை நடத்த முனையும் அவரது உறுதி மெல்ல வன்முறையாவதைத் தொடர் நம்பும்படி காட்டுகிறது.

மருத்துவரான அன்யா தன் தொழிலை மறைத்துக்கொள்வதும் குறிப்பிடத்தக்கது. நோயாளிகள் வரிசையாக இறப்பதைப் பார்த்தவள் இனி யாருக்கும் மருத்துவம் செய்ய விரும்பவில்லை. ஆனால் அவளது திறன் குழுவின் சொத்து என்று மற்றவர்கள் எண்ணக்கூடும். ஒருவரின் கல்விமீது சமூகத்துக்கு என்ன உரிமை என்னும் இந்தப் புள்ளியில்தான் மறுஆக்கம் மூலத்தை மிக நெருங்குகிறது. இரண்டாம் பருவத்தில் நிலக்கரிச் சுரங்கத்தில் மனிதர்கள் கட்டாய உழைப்புக்கு ஆளாவதும் அதே திசையில் வைத்த அடிதான்.

இழந்தது

இவை கிளைகளாகவே நின்றுவிட்டன. மறுஆக்கத்தின் முதுகெலும்பாக ஆனது ஓர் ஆய்வகம். பூமிக்கடியில் ஒளிந்திருக்கும் விஞ்ஞானிகள், நோயிலிருந்து மீண்ட ஆபியின் இரத்தத்தைத் தேடுவது, நோய்க்கிருமியின் பிறப்பு பற்றிய ரகசியம் என்று கதை நகர்ந்தது. இதைச் செய்தது யார் என்பது அதன் கேள்வி. இனி எப்படிச் செய்வது என்பது பின்னுக்குப் போனது.

சதிக்கதை தொலைக்காட்சிக்கு வசதியானது. ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் ஒரு முடிச்சு போடலாம். வயலில் விதைத்து அறுவடை வரை காத்திருப்பதில் அந்த வேகம் இல்லை. ஆனால் சதிக்கதையில் குற்றம் எப்போதும் வேறு யாரிடமோ இருக்கிறது. பார்னியைக் கொல்ல வாக்களித்த கைகள் பார்வையாளரின் கைகளைப் போன்றவை. ஆய்வகத்தில் இருப்பவர்களின் கைகள் அப்படியல்ல. கதாபாத்திரங்கள் நாட்கணக்கில் தூய ஆடையில் தோன்றுவதும், உணவு பெரும்பாலும் காலியான கடைகளிலிருந்தே கிடைப்பதும் இதன் துணைவிளைவுகள். 2010-ல் முடிச்சுகள் அவிழாமலேயே தொடர் நிறுத்தப்பட்டபோது, ரகசியத்தை மட்டும் நம்பிய கதையின் பலவீனம் வெளிப்பட்டது. மூலத்தொடர் எந்த அத்தியாயத்தில் நின்றிருந்தாலும் அதன் கேள்வி எஞ்சியிருக்கும்.

2020-க்குப் பின்

கொரோனா தொற்று இரு தொடர்களையும் மறுபடி வாசிக்கச் செய்தது. அரசு மறைந்துபோகும் என்று இரண்டுமே கற்பனை செய்தன. நடந்தது மறுதலை. இந்தியாவில் 2020 மார்ச் 25 முதல் ஊரடங்கு. வீட்டுவாசல் வரை அரசின் கை நீண்டது. மின்சாரம் நிற்கவில்லை. தூர்தர்ஷன் 1987-ன் ராமாயணம் தொடரை மீண்டும் ஒளிபரப்பியது. அதேநேரம் நகரங்களைக் கட்டியெழுப்பிய புலம்பெயர் தொழிலாளர்கள் நெடுஞ்சாலைகளில் நடந்து ஊர் திரும்பினர். யாருடைய உழைப்பில் வாழ்க்கை நடக்கிறது என்னும் மூலத்தொடரின் கேள்வி அச்சாலைகளில் கண்ணுக்குத் தெரிந்தது.

தமிழ்ச் சூழல்

தமிழில் பேரழிவுக்குப் பிந்தைய தொலைக்காட்சி மரபு என ஒன்று உருவாகவில்லை. அருகில் வருவது சுஜாதாவின் என் இனிய இயந்திரா. ஆனந்த விகடனில் தொடர்கதையாக வந்து தூர்தர்ஷனில் நாடகமாகவும் ஆன அந்நாவலின் அச்சம் எல்லாவற்றையும் கட்டுப்படுத்தும் ஆட்சியாளரைப் பற்றியது. ஆட்சியே இல்லாத நிலையைத் தமிழ்க் கற்பனை அதிகம் தொட்டதில்லை.

அப்படியொரு தமிழ் ஆக்கம் வருமானால் முதலியார்பேட்டை அதற்கு நேரடியான களம். 1898-ல் தொடங்கிய ஆங்கிலோ பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ் ஆலை (ரோடியர் மில், ஏ.எஃப்.டி.) அங்கேதான் இருந்தது. பல தலைமுறைகள் அதை நம்பி வாழ்ந்தன. பின்னாளில் அரசின் கைக்கு வந்த ஆலை, 2011 டிசம்பரின் தானே புயலில் பெரும் சேதமடைந்தது. 2020 ஏப்ரல் இறுதியில், ஊரடங்குக்கு நடுவே, மூடப்பட்டது. ஒரு வேட்டிக்குப் பருத்தி வேண்டும், நூற்க வேண்டும், கஞ்சி போட்டுப் பாவு ஓட்ட வேண்டும், தறி வேண்டும், தறியைச் செய்யத் தச்சர் வேண்டும். முதிய ஆசிரியர் கேட்ட கேள்விக்குப் பதில் தெரிந்தவர்கள் வாழ்ந்த ஊர் அது. எந்தக் கொள்ளைநோயும் வருவதற்கு முன்பே அந்தக் கைகளுக்கு வேலை குறைந்துவிட்டது. திறன் அழியப் பேரழிவு தேவையில்லை என்பது மூலத்தொடர் யோசிக்காத செய்தி.

மூலத்தை அப்படியே எடுத்துவைக்கவும் அங்கே முடியாது. 1936 ஜூலை 30 அன்று புதுச்சேரி சவானா ஆலையில் பிரெஞ்சுக் காவலர்கள் சுட்டதில் 12 தொழிலாளர்கள் இறந்தனர். வ. சுப்பையா முன்னின்ற அந்தப் போராட்டத்துக்குப் பின்பே எட்டு மணி நேர வேலை சட்டமானது. ஆண்டுதோறும் அந்த நாளை நினைவுகூரும் ஊரில், சங்கத்தலைவரே முதல் கொடுங்கோலன் என்னும் வோம்லி பாத்திரம் எடுபடாது. ஒழுங்கு குலைந்தபோது முதலில் கூடிப் பேசத் தெரிந்தவர்கள் ஆலைத்தொழிலாளர்களே என்று கதையைத் திருப்பினால் அது பொருந்தும்.

இன்னொரு வினாவும் எழும். பிரிட்டிஷ் தொடர்களில் பிணங்கள் பெரும்பாலும் பார்வைக்கு அப்பால் கிடக்கின்றன. தமிழ்நாட்டில் பிணம் புதைப்பதும் எரிப்பதும் சில சாதியினர்மேல் சுமத்தப்பட்ட வேலை. 2020 ஏப்ரலில் சென்னையில் தொற்றால் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் கூட்டம் தடுத்தது. இங்கே எடுக்கப்படும் தொடரின் முதல் அத்தியாயமே பிணத்தை யார் தூக்குவது, அடுத்த நாள் அவர் எந்தக் கிணற்றில் நீர் எடுப்பது என்பதாகத்தான் இருக்க முடியும்.

மதிப்பீடு

1975-ன் சர்வைவர்ஸ் வர்க்கப் பார்வையில் குறுகியது, வேகம் குறைந்தது. ஆனால் அன்றாடப் பொருட்களுக்குப் பின்னுள்ள உழைப்பைத் தொலைக்காட்சியில் அத்தனை பொறுமையாகப் பின்தொடர்ந்த தொடர்கள் குறைவு. 2008-ன் ஆக்கம் மனிதர்களைப் புதுப்பித்தது, நடிப்பிலும் படமாக்கத்திலும் மேலானது. உழைப்பின் இடத்தில் ரகசியத்தை வைத்ததால் மெலிந்தது. மறுஆக்கத்தில் பெயர், நிறம், மதம், ஊர், வில்லன் அனைத்தும் மாறலாம், மாறவும் வேண்டும். கடையில் பொருள் தீர்ந்த நாளில் யார் எதைச் செய்யத் தெரிந்தவர், அவருக்கு நாம் என்ன மதிப்பு கொடுத்திருந்தோம் என்னும் கணக்கைக் கைவிட்டால் எஞ்சுவது இன்னொரு துப்பறியும் கதை மட்டுமே.