கல்லும் ஏடும்

திருகோணமலையின் வரலாறுபற்றி எழுதப்படும் கட்டுரைகளிலும் ஆலய மலர்களிலும் ‘கல்வெட்டு கூறுகின்றது’ என்னும் வாக்கியம் அடிக்கடி தலைகாட்டுகின்றது. எந்தக் கல்வெட்டு என்று கேட்பாரில்லை. பெரும்பாலும் அது ‘கோணேசர் கல்வெட்டு’ என்னும் நூலே. பெயரிற் கல் இருப்பினும் அது கல்லிற் பொறித்ததன்று. கவிராசவரோதயன் பெயரால் வழங்கும், பாட்டும் உரைநடையும் கலந்த ஏட்டு நூல். குளக்கோட்டனைச் சென்ற காலத்து மன்னனாகவே அது பேசுகின்றது. தானத்தார், வரிப்பத்தார் முதலிய தொழும்பாளரின் கடமைகளையும் உரிமைகளையும் வகுத்துரைப்பதே அதன் உண்மைப் பயன். உழைக்கும் மக்கள் கோயிலோடு எவ்வாறு பிணைக்கப்பட்டிருந்தனர் என்பதற்கு அது அரிய சான்று. அதனைக் குளக்கோட்டன் காலத்துக் கல்லாக்குவோர், பழமையைப் பெருக்கப் போய்ப் பயனை இழக்கின்றனர்.

மெய்யான கல்லும் அவ்வூரில் உண்டு. பிரெட்றிக் கோட்டையின் வாயிலில், மீன் சின்னத்தோடு சிதைந்த சில தமிழ் வரிகள் காணப்படுகின்றன. அவற்றுள் எஞ்சிய எழுத்து எது, செவிவழி மரபைக்கொண்டு நிரப்பிய எழுத்து எது என்பதை அடைப்புக்குறியாற் பிரித்துக் காட்டுவது சாசன ஆய்வின் முறை. நம் கட்டுரைகளோ முழுப் பாடலையும் கல்லின் மேல் ஏற்றிவிடுகின்றன.

மகாவம்சத்தின் கதியும் இதுவே. அதன் 37ஆம் அதிகாரம், 40–41ஆம் செய்யுட்கள், மகாசேனன் தேவாலயங்களை அழித்து விகாரைகள் எழுப்பினான் என்றும், அவற்றுள் ஒன்று கோகர்ண விகாரை என்றும் கூறுகின்றன. சிவலிங்கம் பற்றிய பேச்சும், அவ்விடம் கீழைக் கடற்கரையில் உள்ளதென்ற குறிப்பும் பிற்கால உரையில் வருபவை. தமிழர் சிலர் உரையின் சொல்லை மூலத்தின் வாயில் வைக்கின்றனர். சிங்களர் சிலர் விகாரையை மட்டும் எடுத்துக்கொண்டு, அதே செய்யுளில் இடிபட்ட ஆலயத்தை விட்டுவிடுகின்றனர். நிலத்துக்கும் உரிமைக்கும் வரலாற்றைச் சாட்சிக்கு அழைக்கும் மாவட்டத்தில் இது சிறு பிழையாகாது. நம் பக்கத்துப் பொய்ச்சான்று ஒன்று வெளிப்பட்டால், மெய்ச்சான்று பத்தும் ஐயத்துக்கு உள்ளாகும்.

இந்நிலையில் நம் கல்வி நிலையங்கள் கற்பிப்பது யாது? நூற்பெயர், பதிப்பு, ஆண்டு, பக்கம் என்னும் வரிசையும், காற்புள்ளி விழும் இடமும் ஆராயப்படுகின்றன. மாணவன் அந்நூலைக் கண்ணாற் கண்டானா என்பது ஆராயப்படுவதில்லை. ஒருவர் காட்டிய மேற்கோளை மற்றவர் எடுத்து, மூலத்தையே கண்டவர்போல் அடிக்குறிப்பிடுகின்றனர். வடிவம் குற்றமற்றது; உள்ளடக்கம் கடன்.

வடிவத்தை நாம் இகழவில்லை. பக்க எண் இருந்தாலன்றி மூதூரிலோ கிண்ணியாவிலோ உள்ள ஓர் ஆசிரியர் பேராசிரியரின் கூற்றைச் சரிபார்க்க இயலாது. அடிக்குறிப்பு வாசகனின் உரிமை. அறிஞனைக் கேள்வி கேட்கும் ஆற்றலை அவனுக்கு அளிப்பது அதுவே. ஆகவே, கண்டதைக் கண்டதாகவும், பிறர்வழி அறிந்ததை அவர்வழி அறிந்ததாகவும், ஏட்டை ஏடாகவும், கல்லைக் கல்லாகவும் எழுதுமாறு மாணவரைப் பழக்குவோம். மக்கள் வரலாற்றை எழுத விழைவோர்க்கு இதுவே முதற்கடமை.