லயத்துக் காம்பராவும் முதியோர் இல்லமும்

தமிழ்நாட்டின் கூடலூரிலோ வால்பாறையிலோ ஒரு தேயிலைத் தொழிலாளி ஓய்வுபெற்றால் எஸ்டேட் வீட்டைக் காலி செய்ய வேண்டும். காலி செய்து சாவியைக் கொடுத்த பிறகே பணிக்கொடை கைக்கு வரும் என்ற நடைமுறை அங்கே பல எஸ்டேட்டுகளில் உண்டு. இங்கே, இலங்கையின் ஊவாவில், பசறையிலோ மடுல்சீமையிலோ அப்படி இல்லை. செக்ரோல் என்ற வேலைப் பதிவிலிருந்து பெயர் எடுபட்டாலும், குடும்பத்தில் ஒருவர் பேர் போட்டு வேலைக்குப் போகும் வரை தாத்தாவும் அம்மாயியும் லயம் என்ற வரிசைக் குடியிருப்பின் அதே காம்பராவில் (அறையில்) இருக்கலாம். ஒருவருமே மலைக்கு வேலைக்குப் போகாத குடும்பங்கள்கூட லயத்தில்தான் இருந்துவருகின்றன. வயதானவர் முதியோர் இல்லத்துக்குப் போவது அங்கே ஒரு விதமாகவும் இங்கே வேறு விதமாகவும் அமைந்திருப்பதற்கு இந்த வேறுபாடே அடிப்படை.

தமிழ்நாட்டுப் பக்கத்தை முதலில் பார்ப்போம். திருநெல்வேலி மாஞ்சோலையில் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் 99 வருடக் குத்தகைக்கு எடுத்த காட்டில் தேயிலை வளர்ந்தது. குத்தகை முடிய நான்கு வருடம் இருக்கும்போதே, 2024இல், தொழிலாளருக்கு விருப்ப ஓய்வு கொடுத்து மலையிறங்கச் சொன்னார்கள். நான்கு தலைமுறை அங்கேயே பிறந்து வளர்ந்த மக்களுக்குச் சமவெளியில் ஊர் என்று ஒன்று இல்லை. இலங்கையிலிருந்து போய் நீலகிரியில் இருக்கும் நம் ஆட்களின் கதை இன்னும் கடுமை. 1964 அக்டோபர் 30இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி, இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும். அப்படிப் போனவர்களுக்காகவே 1968இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய தேயிலைத் திட்டம் பின்னர் டான்டீ என்ற அரசுத் தேயிலை நிறுவனம் ஆனது. பதுளையிலிருந்தும் பண்டாரவளையிலிருந்தும் தலைமன்னார்க் கப்பலேறி, கோத்தகிரியிலும் சேரம்பாடியிலும் கொழுந்தெடுத்த இளம் பெண்களுக்கு இன்று எழுபது தாண்டிவிட்டது. 'சிலோன்காரங்க' என்றே இன்றும் அழைக்கப்படும் அவர்களை, ஓய்வுக்குப் பிறகு அந்த வீட்டை விட்டும் போகச் சொன்னால், அது இரண்டாவது நாடுகடத்தல் போலத்தான். பிள்ளைகள் திருப்பூர் பனியன் கம்பெனியில் ஒற்றை அறை வாடகைக்கு இருக்கிறார்கள். அந்த அறையில் அம்மாவுக்கு எங்கே இடம்?

ஆகவே அங்கே முதியோர் இல்லம் என்ற பேச்சு சீக்கிரமே வீட்டுக்குள் வந்துவிடுகிறது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், மாவட்டத்துக்கு ஒன்றாவது என, ஆதரவற்ற 150 பேராவது தங்கக்கூடிய இல்லம் அமைப்பதைப் பற்றிப் பேசுகிறது. தொண்டு இல்லங்களின் மரபு அதற்கும் முந்தியது. சென்னையில் சாவித்திரி வைத்தி 1978இல் தொடங்கிய விச்ராந்தி ஒன்று. சுனாமிக்குப் பிறகு கடலூரில் ஹெல்ப்பேஜ் இந்தியா கட்டிய தாமரைக்குளம் முதியோர் கிராமம் இன்னொன்று. கோயம்புத்தூரைச் சுற்றிப் பணம் கட்டித் தங்கும் குடியிருப்புகள் வரிசையாக எழுந்திருக்கின்றன. எஸ்டேட் தொழிலாளிக்கு அவற்றின் வாசலைக்கூட மிதிக்க வசதி இல்லை. ஆனாலும் இலவச இல்லமோ கட்டண இல்லமோ, உள்ளே போகிற தமிழ்க் கிழவிக்கு ஒரு கவலை இல்லை. அங்கே பேசுவது தமிழ். தட்டில் வருவது அவர் சாப்பிட்டுப் பழகியது. உடம்பில் எங்கே வலி என்று வாய்விட்டுச் சொல்லலாம்.

இங்கே அதுதான் இல்லை. சட்டத்தில் நாம் பின்தங்கவில்லை. இலங்கையின் முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கம், இந்தியாவுக்கு ஏழு வருடம் முந்தியது. பிள்ளைகள் கவனிக்காவிட்டால் பராமரிப்புச் சபையில் முறையிடலாம். ஆனால் அரசும் மாகாண சபைகளும் நடத்தும் இல்லங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. தமிழ் பேசும் இல்லம் என்றால் எல்லோரும் சொல்வது யாழ்ப்பாணத்துக் கைதடி. பதுளையிலிருந்து முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பால். மற்றவை பெரும்பாலும் சமய, தொண்டு அமைப்புகளின் இல்லங்கள். ஊவாவில் அவற்றின் அன்றாட மொழி சிங்களம். அதில் யாரையும் குறை சொல்ல முடியாது, சுற்றியிருக்கும் ஊரின் மொழி அது.

ஹாலிஎலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் எனக்குத் தெரிந்த ஒரு அம்மாயி அப்படி ஓர் இல்லத்துக்குப் போனார். மகன் கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் வேலை. மகள் குவைத்தில். அவர் வளர்த்த பேரப்பிள்ளைகளும் உழைக்கப் போய்விட்டார்கள். ஒரு பிளாஸ்டிக் பையில் அடையாள அட்டை, கிளினிக் கொப்பி, பிரஷர் குளிசை, மூன்று சேலை, கம்பளிச் சால்வை, கண்ணில் படாமல் மடித்து வைத்த வெற்றிலை. இல்லத்தில் இருந்தவர்கள் நல்லவர்கள். மெத்தையும் சுடுதண்ணீரும் கொடுத்தார்கள். அம்மாயிக்குக் கடையில் அரிசி பருப்பு வாங்கப் போதுமான சிங்களம் தெரியும். இரவில் நெஞ்சு படபடக்கிறது, தலை சுற்றுகிறது என்று சொல்லத் தெரியாது. விடியுமுன்னே எழும்பி, உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டே சாயம் குடித்துப் பழகியவர், ஏழு மணித் தேநீருக்காகக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தைப்பொங்கலுக்கு லயத்துக்கு வந்தவர் திரும்பிப் போகவில்லை.

இதைக் கேட்டதும் லயமே மேல் என்று சொல்லத் தோன்றும். அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, புகை, பொதுக்குழாய், வெளியே போக வேண்டிய கக்கூஸ். அடுத்த மாரியில் அந்த அம்மாயி இஸ்தோப்பிலிருந்து (திண்ணையிலிருந்து) இறங்கும்போது வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. நான்கு பேர் கம்பளியில் கிடத்தித் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்து, ஓட்டோ பிடித்து, பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு பக்கத்துக் காம்பராப் பெண்தான் முறை வைத்துக் கஞ்சி ஊற்றினாள். அவளும் காலையில் மலைக்குப் போக வேண்டியவள். அரை நாள் நின்றால் அரைப்பேர், அதாவது அரைச் சம்பளம். மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 அக்டோபர் 29 காலை மண் சரிந்தபோது லயங்கள் என்ன பாதுகாப்பு என்று நாடே பார்த்தது.

காசுக் கணக்கையும் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் 1962இல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கிய முதியோர் உதவித்தொகை இப்போது 1,200. ஆதரவற்றவருக்கு அறுபது வயதில் கிடைக்கிறது. இங்கே வறிய முதியோருக்கு 2025 ஏப்ரலிலிருந்து 5,000 ரூபா. ஆனால் எழுபது வயதாக வேண்டும். நாணய மாற்றில் தொகை ஏறத்தாழச் சமம்தான். வயதில்தான் பத்து வருட வித்தியாசம். சின்ன வயதில் கூடை தூக்கியவளுக்கு அந்தப் பத்து வருடம் சாதாரணமானதல்ல. இங்கே 1983ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டப்படி வருடத்துக்குப் பதினான்கு நாள் சம்பளம், அதோடு சேமலாப நிதி. இரண்டும் சேர்ந்து வரும்போது ஒரு மகளின் கல்யாணமோ மகனின் ஏஜென்சிக் காசோ காத்திருக்கும். இதனால்தான், பெற்ற பிள்ளை இருக்க இல்லத்தில் விட்டான் என்று கொழும்புக்குப் போன மகனைப் பழிக்கும் பேச்சு எனக்குப் பிடிப்பதில்லை. அவன் அனுப்பும் காசில்தான் குளிசை வருகிறது.

லயத்திலிருந்து தனிவீட்டுக்குப் போகும் வேலை நடக்கிறது. ஒரு துண்டுக் காணி, 550 சதுர அடி வீடு. இந்திய உதவி வீட்டுத்திட்டத்துக்கான பத்திரங்கள் 2025 அக்டோபரில் பண்டாரவளையில் வழங்கப்பட்டன. அறை கொண்ட வீடு வந்தால் வயதானவருக்கு ஒரு கதவாவது கிடைக்கும். ஆனால் பத்திரம் மகன் பெயரிலோ மருமகள் பெயரிலோ வரும். மேலே சொன்ன 2007ஆம் ஆண்டு இந்தியச் சட்டத்தின் 23ஆம் பிரிவில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு: கவனிப்பேன் என்ற நிபந்தனையில் சொத்தை எழுதி வாங்கியவர் கவனிக்காவிட்டால், அந்த மாற்றத்தைத் தீர்ப்பாயம் ரத்துச் செய்யலாம். இங்கே பத்திரம் எழுதும்போதே தாய் தகப்பனுக்குச் சாகும்வரை குடியிருக்கும் உரிமையை ஒரு வரியில் சேர்த்துவிட்டால், பின்னால் எந்தச் சபைக்கும் போகத் தேவையில்லை.

எல்லோருக்கும் இல்லம் வேண்டாம் என்பதும் என் எண்ணம். தமிழ்நாடு தன் 2025-26 வரவு செலவுத் திட்டத்தில் 'அன்புச்சோலை' என்று 25 பகல்நேர மையங்களை அறிவித்தது; பகலில் போய்ச் சாப்பிட்டு, பேசி, மாலையில் வீட்டுக்குத் திரும்பலாம். அவை மாநகரங்களுக்கானவை, எஸ்டேட்டுகளுக்கு இல்லை. நமக்கோ கட்டடமே தயாராக இருக்கிறது. தோட்ட மக்களின் நலன் பார்க்கும் 'ட்ரஸ்ட்' பராமரிக்கும் பிள்ளைக்காம்பராக்கள் (பிள்ளை பராமரிப்பு நிலையங்கள்) தோட்டந்தோறும் உண்டு. பிள்ளைகள் குறைந்துவிட்ட இடங்களில் ஒரு பக்கத்தை வயதானவர்களுக்கு ஒதுக்கி, ஒரு நேரச் சோறும், வாரத்துக்கொருமுறை பிரஷர் பார்க்க ஒரு மருத்துவமாதுவும் ஏற்பாடு செய்தால் பாதிப் பேருக்கு இல்லமே தேவைப்படாது.

மீதிப் பேருக்கு, படுக்கையில் விழுந்தவர்களுக்கும் ஆளே இல்லாதவர்களுக்கும், பதுளையில் தமிழ் பேசும் பணியாளர்களோடு ஓர் இல்லம் கட்டாயம் வேண்டும். மாகாண சபையிடம் இதைக் கேட்க வேண்டியவர்கள் நாம்தான். தேர்தல் மேடையில் கேட்டால் இன்னும் நல்லது. அதுவரை, அம்மாவை இல்லத்தில் சேர்த்தே ஆக வேண்டிய நிலையில் இருப்பவர்கள் தயவுசெய்து ஒன்று செய்யுங்கள். கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் அவருடைய வருத்தங்கள், குளிசைகள், எதைச் சாப்பிடுவார், இரவில் எத்தனை முறை எழும்புவார், 'வலிக்குது', 'மயக்கமா இருக்கு', 'வெளியே போகணும்' என்ற சொற்கள், உங்கள் போன் நம்பர், எல்லாவற்றையும் சிங்களத்திலும் தமிழிலும் எழுதி, இரவு வேலையில் இருப்பவரிடம் நேரில் காட்டிவிட்டு வாருங்கள்.