காலத்தின் அம்பு: ஹாக்கிங் நூலின் ஓர் இயல் குறித்து

ஒகேனக்கலில் காவிரி கீழே விழுவதைக் கண்டு வியக்கிறோம். விழுந்த நீர் ஒருபோதும் மேலே எழாமைக்கு நாம் வியப்பதில்லை. ஏறத்தாழ 20 மீட்டர் விழும் நீரின் ஆற்றல் முழுவதும் வெப்பமானால், அந்நீர் 0.05 பாகை செல்சியஸ் அளவே சூடேறும். அடியிலுள்ள நீர் அவ்வளவு குளிர்ந்து, அவ்வெப்பத்தைக் கொண்டே பாறைமீது தாவி ஏறினும் ஆற்றல் அழியா விதி மீறப்படாது. எனினும் அது நிகழ்வதில்லை. ஏன்?

ஸ்டீபன் ஹாக்கிங் 1988இல் வெளியிட்டு, தமிழிலும் பெயர்க்கப்பெற்ற காலத்தின் சுருக்க வரலாற்று நூலில் ஒன்பதாம் இயல் இவ்வினாவுக்கே உரியது. ‘காலத்தின் அம்பு’ என்னும் அதன் தலைப்பு, எடிங்டன் 1928இல் தம் நூலில் வழங்கிய தொடராகும்.

ஒழுங்கான அமைப்புகள் சில, ஒழுங்கற்றவை எண்ணிறந்தவை. ஆதலின் பொருள்கள் ஒழுங்கின்மையை நோக்கிச் செல்கின்றன என்றார் போல்ட்ஸ்மன். ஆனால் துகள்களின் இயக்க விதிகள் முன்னும் பின்னும் ஒன்றே என்பது லோஷ்மிட் 1876இல் எழுப்பிய தடை. அவ்வாறாயின் அதே கணக்கு இறந்த காலத்துக்கும் பொருந்த வேண்டுமன்றோ? ஆகவே திசை விதியில் இல்லை. பிரபஞ்சம் மிக ஒழுங்கான நிலையில் தொடங்கியதில் உள்ளது. எளிய நூல்கள் பல இப்படியைத் தாண்டிக் குதித்துவிடுகின்றன. ஹாக்கிங் குதிக்கவில்லை.

பிரபஞ்சம் சுருங்கும்போது ஒழுங்கு மீளும் எனத் தாம் முன்பு கருதியது பிழை என்றும், டான் பேஜ், ரேமண்ட் லஃப்லாம் ஆகியோரால் அதனை உணர்ந்ததாகவும் அவ்வியலிலேயே எழுதுகிறார். கற்றோர்க்கு அழகு இது.

எனினும் ஒரு குறை உண்டு. எல்லையற்ற பிரபஞ்சம் என்னும் தம் கருத்திலிருந்து ஒரு முனை ஒழுங்குடையது எனப் பெறுகிறார். மறுமுனைக்கு அவ்வாதம் ஏன் பொருந்தாது? தத்துவ அறிஞர் ஹியூ பிரைஸ் 1989இல் ‘நேச்சர்’ இதழில் இவ்வினாவை எழுப்பினார். இரு முனைகளில் ஒன்றைத் ‘தொடக்கம்’ என முன்னரே பெயரிட்டுக்கொண்டால், நிறுவ வேண்டியதையே எடுத்துக்கொண்டதாகும்.

இமாம் கஸ்ஸாலியின் ‘தஹாஃபுதுல் ஃபலாஸிஃபா’வை ஓதியோர்க்கு இச்சிக்கல் புதிதன்று. உலகுக்கு ‘முன்’ என்பது, உலகுக்கு ‘மேல்’ என்பதைப் போல் மனத்தின் கற்பனையே என்கிறார் இமாம். மேலும் கீழும் நிற்பவரைப் பொறுத்து மாறும். முதல் முடிவாக மாறாதே என்னும் மறுப்பையும் அவரே எடுத்துரைக்கிறார். விடையாக, ‘மேல், கீழ்’ என்பதை விட்டு ‘உள், வெளி’ என்பதற்கு உவமையை மாற்றுகிறார். வாதம் நிலைத்தது, திசை பற்றிய வினாவோ அங்கேயே நின்றது.

இன்று நம் மேடைகளில் இவ்வொழுங்கான தொடக்கத்தைப் படைப்புக்குச் சான்றாக விரைந்து காட்டுவோர் உளர். தொடக்கம் ஒழுங்குடையது என்றே இயற்பியல் கூறுகிறது. அதன் காரணம் குறித்து அறிஞர் இன்னும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. அந்த இடைவெளியில் ஈமானை நாட்டினால், நாளை ஒருவர் காரணம் கண்டுரைக்கும்போது என் செய்வது? தம் பிழையைத் தாமே எழுதிய ஹாக்கிங்கிடம் நம் பேச்சாளர்கள் கற்க வேண்டியது அந்த நிதானமே.