நாணயமும் காய்ப்பும்: வீடியோ விளையாட்டுப் பாடல்கள் பற்றிய ஒரு நோக்கு

வெகுசனப் பண்பாட்டின் விளைபொருள்களை ஆராயப் புகுவோர் இரு தடைகளை எதிர்நோக்குவர். அவை ஆய்வுக்குத் தகுதியற்றவை என ஒதுக்கும் மரபுவழிச் சுவைஞரின் மனோபாவம் ஒன்று. சந்தை விற்கும் போதைப்பொருள்கள் என ஒரே சொல்லிற் தீர்ப்புக் கூறி அப்பாற் செல்லும் முற்போக்காளர் சிலரின் அவசரம் மற்றொன்று. இரு சாராரும் முடிவில் ஒன்றையே செய்கின்றனர். எதைப் பற்றித் தீர்ப்புக் கூறுகின்றனரோ அதனைப் பாராது விடுகின்றனர்.

1979 முதல் 1982 வரையுள்ள சில ஆண்டுகளில் அமெரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் வெளிவந்த ஒருவகைப் பாடல்கள் இவ்வாறு பாராது விடப்பட்டவற்றுள் அடங்கும். நாணயமிட்டு ஆடும் வீடியோ விளையாட்டு இயந்திரங்களே அவற்றின் பாடுபொருள். மேலைநாட்டு இசை வணிகம் இவற்றைப் 'புதுமைப் பாடல்கள்' என்னும் பிரிவில் அடக்கியது. அன்றைய பரபரப்பொன்றைப் பற்றிக்கொண்டு, சில வாரங்கள் வானொலியில் ஒலித்து, பரபரப்பு அடங்கியதும் தானும் அடங்கும் பாடல் என்பதே அப்பெயரின் உட்பொருள். கலைத்தரம் பற்றி மட்டும் பேசுவதாயின் இவற்றுட் பலவற்றுக்கு நாமும் வக்காலத்து வாங்க வேண்டியதில்லை. ஆயின் இயந்திரத்தின் முன் நின்ற மனிதனின் உடலையும் பணத்தையும் நேரத்தையும் பற்றி இவை தாம் அறியாமலே கூறும் செய்தி முக்கியமானது என்பதே நமது கருத்து.

1

பாடல்களுக்கு முன் இயந்திரத்தை நோக்குதல் வேண்டும். அமெரிக்காவில் அட்டாரி நிறுவனத்தின் 'பொங்' 1972இல் வெளிவந்தது. யப்பானிய டைட்டோ நிறுவனத்துக்காகத் தொமொஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' 1978இலும், நம்கோ நிறுவனத்தில் தோரு இவாதானி உருவாக்கிய 'பக்-மான்' 1980இலும் வந்தன. அமெரிக்கர் 1981ஆம் ஆண்டில் இத்தகைய இயந்திரங்களில் இட்ட கால் டொலர் நாணயங்கள் 2,000 கோடி என 1982 ஜனவரியில் 'ரைம்' சஞ்சிகை எழுதியது. அதாவது 500 கோடி டொலர். இத்தொகை பெரும்பாலும் இளைஞரின் சட்டைப்பையிலிருந்து, ஒவ்வொரு நாணயமாகச் சென்ற தொகை என்பது மனங்கொள்ளத்தக்கது.

இவ்வணிகத்தின் பொருளியல் எளிமையானது. ஒரு நாணயம் குறிப்பிட்ட எண்ணிக்கையான 'உயிர்'களை வாங்குகிறது. ஆட்டம் நீடிக்குந்தோறும் உரிமையாளருக்கு நட்டம். விரைந்து முடியின் இலாபம். ஆனால் மிக விரைந்து முடிந்தால் ஆடுவோன் திரும்பி வரான். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட புள்ளியிலேயே இயந்திரத்தின் கடினம் நிறுத்தப்பட்டது. பக்-மான் இயந்திரத்தின் உள்ளேயுள்ள சிறு ஆளிகளை மாற்றி, ஓர் ஆட்டத்துக்கு ஓர் உயிரா, மூன்றா, ஐந்தா என்பதை உரிமையாளரே தீர்மானிக்கலாம். இங்கு உயிர் என்பது ஆளியின் நிலையாற் கூடிக் குறையும் சரக்கு.

2

இச்சூழலில் எழுந்த பாடல்களுள் மிகப் பரவலாக அறியப்பட்டது 'பக்-மான் ஃபீவர்'. அட்லாண்டா நகரில் விளம்பரப் பாடல்கள் இயற்றிவந்த ஜெரி பக்னர், கரி கார்சியா என்னும் இருவர் 1981இல் இதனை ஒரு சிறு வெளியீடாகக் கொணர்ந்தனர். உள்ளூரில் அது பெற்ற வரவேற்பைக் கண்டு கொலம்பியா நிறுவனம் அதனை நாடு முழுவதற்கும் எடுத்துச் சென்றது. 1982 மார்ச்சில் அது 'பில்போர்ட்' தரவரிசையில் ஒன்பதாம் இடத்தை எட்டியது. தொடர்ந்து, விளையாட்டுக்கு ஒன்றாக எட்டுப் பாடல்களைக் கொண்ட இசைத்தட்டொன்றும் அதே பெயரில் வெளிவந்தது.

விளம்பரப் பாடல் இயற்றிய கைகள் இப்பாடலிலும் தெளிவாகத் தெரிகின்றன. எளிதில் மனத்திற் பதியும் மெட்டு, மீள மீள வரும் பெயர், இயந்திரத்தின் ஒலிகளை அப்படியே எடுத்துக் கோத்த தொடக்கம் ஆகியன அனைத்தும் ஒரு சரக்கை விற்கும் உத்திகளே. நோயொன்றின் பெயரைத் தாங்கிய பாடல் நோயைக் கொண்டாட்டமாக்குகிறது. இவ்வளவோடு நிறுத்துவோமாயின் முற்போக்காளரின் ஒற்றைச் சொல் தீர்ப்புச் சரியென்றே தோன்றும்.

ஆயின் பாடலில் பேசுபவன் யார், அவன் தன்னைப் பற்றி என்ன கூறுகின்றான் என்பதை நோக்குவோம். அவன் செல்வந்தனல்லன். தன்னிடம் பணம் அதிகமில்லை என்பதையும், உழைத்துப் பெற்றதனைத்தையும் நாணயங்களாகப் பையில் நிரப்பிக்கொண்டு செல்வதையும் அவனே கூறுகின்றான். விரலிற் காய்ப்பு ஏறியிருப்பதையும் தோள் நோவதையும் சொல்கின்றான். காய்ப்பு உழைப்பின் அடையாளம். மண்வெட்டி பிடித்தவனுக்கும் துடுப்பு வலித்தவனுக்கும் உரிய அத்தழும்பு, ஓய்வு நேரத்தில் விளையாடச் சென்றவனின் விரலில் இருக்கின்றது. கூலி பெற்ற இடத்திலிருந்து கூலியை இழக்கும் இடத்துக்கு வந்தவன், அங்கும் ஓர் இயந்திரத்தின் முன் நின்று அதன் வேகத்துக்கு ஈடுகொடுத்து உடல் நோகின்றான். இதனைக் கூற வேண்டுமென்று பாடலாசிரியர் திட்டமிட்டிருக்கமாட்டார். நகைச்சுவைக்காகச் சேர்த்த விவரமே உண்மையைச் சுமந்து நிற்கின்றது.

வோல்ட்டர் பென்யமின் 1939இல் போதலேயர் பற்றி எழுதிய கட்டுரையில் சூதாடியின் அசைவையும் ஆலைத்தொழிலாளியின் அசைவையும் ஒப்பிட்டார். ஒவ்வோர் அசைவும் முந்தியதிலிருந்து துண்டிக்கப்பட்டு, ஒவ்வொரு முறையும் தொடக்கத்திலிருந்தே தொடங்குவது இருவருக்கும் பொது என்பது அவர் கண்டது. நாணயமிட்டு மீண்டும் தொடங்கும் வீடியோ ஆட்டக்காரன் அவ்விருவரின் நேர்வழித்தோன்றல் எனலாம்.

எனினும் இவ்வொப்பீடு ஓரிடத்திற் பொருந்தாது. ஆட்டக்காரன் கற்றுக்கொள்கின்றான். பக்-மான் விளையாட்டில் துரத்தும் நான்கு ஆவிகளும் திட்டமிட்ட விதிகளின்படியே இயங்குபவை. ஒரே அசைவுகளைச் செய்தால் அவையும் ஒரே வழியிற் செல்லும். இதனைக் கண்டறிந்த ஆட்டக்காரர் வழித்தடங்களை மனனஞ் செய்து ஒருவருக்கொருவர் கற்பித்தனர். சூதாட்டக் கணக்கில் வல்லவராய் அறியப்பட்ட கென் அஸ்டன் 1982இல் இவ்வழித்தடங்களை நூலாகவே வெளியிட்டார். பக்னரும் கார்சியாவும் இயற்றிய பாடலும் ஆவிகளின் பெயர்களையும் இயல்புகளையும் அறிந்து ஏய்க்கும் நுட்பத்தைப் பெருமையோடு எடுத்துக் கூறுகின்றது. ஒரு நாணயத்தை நீண்டநேரம் நீடிக்கச் செய்யும் இவ்வறிவு ஆட்டக்காரனின் தொழிற்றிறன். உரிமையாளரின் இலாபத்துக்கு எதிரானது. அதே ஆண்டில் வந்த 'மிஸ் பக்-மான்' இயந்திரத்தில் ஆவிகளின் தொடக்க அசைவுகள் எழுந்தமானமாக்கப்பட்டன. மனனஞ் செய்த பழைய தடங்கள் பயனற்றுப்போயின. தொழிலாளர் தம் திறனாற் சிறிது மூச்சுவிடும்போது முறைமையை மாற்றும் ஆலையின் வழக்கம் இங்கும் தொடர்கின்றது.

எட்டுப் பாடல்களுள் நம் கவனத்துக்குரிய இன்னொன்று 'ஃபுரோகீஸ் லமென்ற்', அதாவது தவளையின் புலம்பல். வாகனங்கள் விரையும் வீதியையும் ஆற்றையும் கடந்து வீடு சேரவேண்டிய தவளையே அவ்விளையாட்டின் நாயகன். ஏனைய ஏழு விளையாட்டுக்களிலும் எதிர்த்துத் தாக்கவோ விழுங்கவோ ஏதாவதொரு கருவி உண்டு, தவளைக்கு எதுவுமில்லை. நசுங்காமல் வீடு சேர்வதொன்றே அதன் வெற்றி. புலம்பல் என்னும் பெயரை இயற்றியோர் இதற்கு இட்டது தற்செயலன்று என நாம் கருதுகின்றோம். ஆயினும் பெயர் தந்த வாய்ப்பை மெட்டும் சொற்களும் பயன்படுத்தவில்லை. புலம்பல் வேடிக்கையாகவே முடிகின்றது.

3

பாட்டுக்கும் உழைப்புக்கும் உள்ள தொடர்பு நம் ஆய்வுலகுக்குப் புதியதன்று. ஜேர்மனியப் பொருளியலறிஞர் கார்ல் பூக்கர் 1896இல் வெளியிட்ட 'உழைப்பும் தாளமும்' என்னும் நூலின் வழியே ஜோர்ஜ் தொம்சன் கவிதையின் தோற்றத்தை விளக்கினார். அத்தொம்சனிடம் பேர்மிங்ஹாமில் ஆய்வு செய்தவர் பேராசிரியர் க. கைலாசபதி. இம்மரபு நமக்குக் கற்பித்தது ஒன்றுண்டு. துலா மிதிப்போரின் பாட்டிலும் படகு வலிப்போரின் பாட்டிலும் தாளத்தைத் தீர்மானிப்பது உடலின் அசைவு. மூச்சு வாங்கும் இடத்திற் பாட்டும் மூச்சு வாங்கும். கூட்டு உழைப்பைச் சீர்படுத்துவது அதன் பணி.

வீடியோ இயந்திரத்தின் முன் இத்தொடர்பு தலைகீழாகின்றது. ஸ்பேஸ் இன்வேடர்ஸ் விளையாட்டில் இறங்கும் வரிசையில் நான்கு தாழ்ந்த ஒலிகள் மீள மீள ஒலிக்கும். எதிரிகள் குறையக் குறைய அவற்றின் அசைவும் இவ்வொலியும் விரைவு பெறும். வரைய வேண்டிய உருவங்கள் குறைந்ததும் கணிப்பொறி வேகமாக இயங்கியதே அசைவு விரைந்ததற்குக் காரணம். நிஷிகாடோ அதனைத் திருத்தாது விளையாட்டின் இயல்பாகவே விட்டுவிட்டார். ஆகவே ஆட்டக்காரன் வெல்லுந்தோறும் தாளம் விரைகின்றது. திறமைக்குக் கிடைக்கும் பரிசு மேலும் கடும் வேகம். இங்கே தாளம் இயந்திரத்துக்குரியது; மூச்சு மட்டுமே மனிதனுக்குரியது.

இந்நான்கு ஒலிகளை எட்டுப் பாடல்களின் அருகில் வைத்துப் பார்க்கும்போது பின்னவற்றின் குறை புலனாகும். சீரான வேகத்தில் இயங்கும் ரொக் இசைச் சட்டகத்துள் இயந்திர ஒலி அணியாக ஒட்டப்பட்டதேயன்றி, இயந்திரம் மனிதனின் காலத்தை நெருக்கும் விதம் இசையின் அமைப்பாக மாறவில்லை. பாடல் இயந்திரத்தைப் பற்றிப் பேசுகின்றது. இயந்திரம் செய்வதைச் செய்து காட்டவில்லை.

4

வேறு வழியொன்றும் இருந்தது. ஹருஓமி ஹொசோனோ, ரியூயிச்சி சகமொட்டோ, யுகிஹிரோ தகஹஷி ஆகிய மூவர் அடங்கிய யெலோ மஜிக் ஓர்க்கெஸ்ரா 1978இல் வெளியிட்ட முதல் இசைத்தட்டில், 'சர்க்கஸ்', 'இன்வேடர்' என்னும் விளையாட்டுக்களின் ஒலிகளை மின்னிசைக் கருவிகளால் மீளப் படைத்தது. அங்கு பாடுவோன் இல்லை. இயந்திர ஒலியே இசையின் மூலப்பொருள். ஹொசோனோ 1984இல் நம்கோ விளையாட்டுக்களின் இசையைத் தொகுத்துத் தனி இசைத்தட்டாகவே வெளியிட்டார். அவுஸ்திரேலியாவில் 'பிளேயர் வன்' என்னும் பெயரில் வெளிவந்த 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' பாடல் அந்நாட்டுத் தரவரிசையில் மூன்றாம் இடத்தை எட்டிப் பின்னர் மறக்கப்பட்டது. ஆயின் அதன் அடித்தள இசைத்தொடர் சிக்காகோவின் நடனக்கூடங்களை அடைந்து, ஜெஸி சோண்டர்ஸ் 1984இல் வெளியிட்ட 'ஒன் அன்ட் ஒன்' என்னும் தட்டினுள் மறுபிறவி எடுத்தது. 'ஹவுஸ்' எனப்படும் நடன இசையின் முதல் தட்டுக்களுள் ஒன்றாக அது கொள்ளப்படுகின்றது. வேடிக்கைக்காகப் பிறந்ததிலிருந்து புதியதோர் இசைவகையின் அடித்தளம் கிடைத்தமை, 'தரமற்றது' என்று எதனையும் முற்றாகக் கழித்துவிடலாகாது என்பதற்குச் சான்று.

இசை வளர்ச்சியை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் யப்பானியரின் வழியே சிறந்ததெனத் தீர்ப்பளித்து முடித்துவிடலாம். நாம் அவ்வாறு முடிக்கத் தயங்குகின்றோம். யெலோ மஜிக் ஓர்க்கெஸ்ராவின் இசையில் இயந்திரம் முழுமையாக உண்டு. அதன் முன் நிற்பவன் இல்லை. அவனது நாணயமும் காய்ப்பும் தோள்நோவும் பக்னர், கார்சியாவின் எளிய பாடலிலேயே பதிவாகியுள்ளன. உருவத்தில் முன்னேறியது மனிதனை விட்டுச் சென்றது. மனிதனை வைத்திருந்தது உருவத்திற் பின்தங்கியது. இப்பிளவே இப்பாடல்களின் வரலாறு நமக்கு விட்டுச் செல்லும் பிரச்சினை.

5

அக்காலத்தில் இவ்வியந்திரங்களை எதிர்த்தோரும் இருந்தனர். பிலிப்பைன்ஸின் சர்வாதிகாரி மார்க்கோஸ் 1981இல் அவற்றைத் தடைசெய்தார். டெக்ஸாஸ் மாநிலத்தின் மெஸ்கிற் நகரம் பதினேழு வயதுக்குட்பட்டோர் தனியே அவற்றை ஆடுவதைத் தடுக்க இயற்றிய விதி 1982இல் அமெரிக்க உயர் நீதிமன்றம்வரை சென்றது. இவ்வெதிர்ப்புக்கள் இளைஞரின் ஒழுக்கத்தையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றின. ஓர் உயிரின் விலை என்ன, அதனை யார் தீர்மானிக்கின்றார், ஆடுவோன் திறன் பெற்றதும் விதிகள் ஏன் மாறுகின்றன என்னும் வினாக்களை அவை எழுப்பவில்லை. அவ்வினாக்களுக்கான தரவுகள் தடைச்சட்டங்களிலன்றி, அவர்கள் இகழ்ந்த பாடல்களிலேயே கிடைக்கின்றன.

நாணயத் துவாரம் இன்று கைத்தொலைபேசியினுள் ஒடுங்கிவிட்டது. உயிர்கள் இன்றும் விற்கப்படுகின்றன. கடினத்தின் அளவைத் தீர்மானிக்கும் ஆளி இன்றும் விற்பவனிடமே உள்ளது. பையிலிருந்து செல்லும் நாணயத்தின் ஓசை மட்டும் இல்லாமற் போயிற்று. ஓசையற்றுப்போன சுரண்டலைப் பாடுவது கடினம். பையிற் கனத்த நாணயங்களையும் விரலிற் தடித்த காய்ப்பையும் ஒருமுறையேனும் சொல்லி வைத்த அப்பாடல்களை ஆவணங்களாகக் காத்துக் கற்பது வெகுசனப் பண்பாட்டு ஆய்வின் கடமைகளுள் ஒன்று. ஓய்வு நேரம் யாருக்குச் சொந்தம் என்னும் வினாவுக்கு விடை தேடுவோருக்கு அவை பயன்படும்.