மூன்று கிடாரும் உப்புக் காற்றும்

வானூர்ப் பக்கம், மரக்காணம் உப்பளக் காற்று வாங்கிக்கொண்டு லட்சக்கணக்கில் கிடார் வாங்க நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள்.

ஸ்டீல் கம்பி கிடாரில் மூன்று மாடல்கள் அடிக்கடி அடிபடும். மார்ட்டின் டி-28, 1931-ல் வந்தது. முன்பலகை ஸ்ப்ரூஸ், முதுகும் பக்கங்களும் பிரேசில் ரோஸ்வுட்டாக இருந்து, சுமார் 1969-லிருந்து நம் ஈட்டி மரம். கீழ்ஸ்தாயி ஆழம், ரீங்காரம் அடங்க நேரமாகும். தனியாக வாசித்தால் ராஜா. மெல்லிய குரலை முழுங்கிவிடும். டெய்லர் 814-ம் ஸ்ப்ரூஸ், ஈட்டிதான். ஆனால் ஒவ்வொரு ஸ்வரமும் இஸ்திரி போட்ட மாதிரி தனித்தனியாகக் கேட்கும். சுத்தம், சற்றே அதிகமான சுத்தம். கிப்சன் ஜே-45, 1942-ல் வந்தது. மஹாகனி முதுகு. சத்தம் வறண்டது, சட்டென்று நின்று பாடுபவருக்கு வழிவிடும்.

நம் ஆட்கள் கிடார் வாங்குவதே பாடத்தானே? என் ஓட்டு ஜே-45-க்கு.

ஆனால் மூன்றுமே முழு மரம். காற்றில் ஈரப்பதம் 45-லிருந்து 55 சதவீதம் இருந்தால் சௌக்கியம். நம் கடற்கரையில் 70 சர்வசாதாரணம். மரம் ஊதும், பலகை புடைக்கும், கம்பி உயரும், விரல் வலிக்கும். கம்பி துருப்பிடிப்பது தனிக்கதை. வாசித்ததும் கம்பியைத் துடைத்து, சிலிகா ஜெல் போட்ட பெட்டியில் மூடி வையுங்கள். முடியாதா? ப்ளைவுட் கிடார் வாங்குங்கள். நாதம் குறையும், ஆனால் தாக்குப்பிடிக்கும்.

வானூர் வட்டத்துத் திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்களை ஈரம் ஒன்றும் செய்யாது. கிடார் மரம் அப்படியில்லை சார்!