‘மேப்பிங் ஃபேட்’: தெரிந்துகொள்வது யாருடைய உரிமை?

மரபணுப் பரிசோதனையின் அறம் பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் ஒப்புதல், ரகசியம், தனிநபர் உரிமை என்று மூன்று தலைப்போடு முடிஞ்சிடும். ஆலிஸ் வெக்ஸ்லரின் ‘மேப்பிங் ஃபேட்’ (1995) அங்கே நிற்கவில்லை. அவர் வரலாற்றாசிரியர். அதோடு, அவர் எழுதும் நோய் அவர் வீட்டுக்குள்ளேயே இருந்தது.

ஹண்டிங்டன் நோய் பெரும்பாலும் 30 வயதுக்கு மேல்தான் தலைகாட்டும். கைகால் தானாக ஆடும், நடை தள்ளாடும், போகப்போக நினைவும் மனநிலையும் குலையும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வாய்ப்பு சரிபாதி. குணப்படுத்தும் மருந்து அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை.

ஆலிஸின் தாய் லியோனோர் விலங்கியல் படித்தவர். தன் அண்ணன்மார் மூவருக்கும் நோய் இருப்பது அவருக்கு 1950லேயே தெரியும். கணவரும் மனைவியும் அதை இரண்டு மகள்களிடமிருந்து 18 வருஷம் மறைத்தார்கள். 1968ல் லாஸ் ஏஞ்சலஸ் தெருவில் தள்ளாடி நடந்த லியோனோரை, காலையிலேயே குடித்திருக்கிறாயே என்று ஒரு போலீஸ்காரர் கடிந்துகொண்டார். அதன் பிறகுதான் உண்மை வெளியே வந்தது. அந்த மறைப்பு வீட்டுக்குள் என்னென்ன செய்தது என்று எழுதும் பக்கங்கள்தான் நூலின் உயிர்.

பிறகு ஆராய்ச்சிக் கதை. தந்தை மில்டன் ஓர் அறக்கட்டளை தொடங்குகிறார். தங்கை நான்சி வெனிசுலாவின் மரகைபோ ஏரிக்கரைக்குப் போய், நோய் பரவலாக உள்ள குடும்பங்களிடம் ரத்தம் சேகரிக்கிறார். 1983ல் ஜேம்ஸ் குசெல்லா குழு நான்காம் குரோமோசோமில் அடையாளக் குறியைக் கண்டுபிடிக்கிறது. 1993ல் மரபணுவே கிடைக்கிறது. அதில் சிஏஜி என்ற மூன்றெழுத்துத் தொடர் 40 அல்லது அதற்கு மேல் திரும்பத் திரும்ப வந்தால், ஆயுள் இருந்தால் நோய் நிச்சயம்.

பரிசோதனைக்கு வழி திறந்த குடும்பத்தின் மகள்களே அதை எடுத்துக்கொள்ளவில்லை! இது முரண் மாதிரி தெரியும். ஆனால் மருந்தில்லாத நோய்க்கு முன்கூட்டியே கிடைக்கும் ‘ஆம்’ என்ற பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மரபணு ஆபத்துள்ள குடும்பங்களில் பெரும்பாலோர் இந்தச் சோதனையைத் தவிர்த்தார்கள் என்பது இந்தக் கேள்வியின் கனத்தைச் சொல்லும்.

இங்கே இன்னொரு சிக்கல். 25 வயதுப் பேரன் சோதித்துக்கொள்கிறான், பதில் ‘ஆம்’ என்று வைத்துக்கொள்ளுங்கள். தாத்தாவுக்கு நோய் இருந்தது. அப்படியானால் நடுவில் நிற்கும் தாய்க்கும் அந்த மரபணு இருக்கிறது. அவர் தெரிந்துகொள்ளவே விரும்பவில்லை, ஆனாலும் செய்தி வந்துவிட்டது. கையெழுத்து ஒருவருடையது, முடிவு இருவருக்கு. ஒப்புதல் படிவத்தில் இதற்கு இடமே இல்லை.

எனக்கு இரண்டு குறைகள். ஒன்று, பெற்றோரின் மறைப்பையும் மகள்களின் ‘வேண்டாம்’ என்ற முடிவையும் நூல் அருகருகே வைக்கிறது, ஆனால் வேறுபாட்டை அழுத்திச் சொல்லவில்லை. மறைக்கப்பட்டவருக்குத் தேர்வே கிடையாது. ஆபத்து இருப்பதை அறிந்து, பதிலை மட்டும் மறுப்பவருக்குத் தேர்வு உண்டு. அறியாமல் இருக்கும் உரிமை என்றால் இரண்டாவது மட்டுமே. இதைப் பிரிக்காவிட்டால், பிள்ளைகளிடம் நோயை மறைக்கும் பெற்றோரும் அதே உரிமையைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, வெனிசுலா. பின்னாளில் அந்த வம்சாவளிப் பட்டியல் 18,000 பேரைத் தாண்டியது. அவர்கள் ரத்தமில்லாமல் மரபணுவை அவ்வளவு சீக்கிரம் நெருங்கியிருக்க முடியாது. ஆனால் நூலில் அவர்களை நாம் பார்ப்பது வந்து போகிறவர்களின் கண் வழியாகத்தான். லாஸ் ஏஞ்சலஸ் மகளுக்குச் சோதனையை மறுக்கும் வசதி இருக்கிறது. ஏரிக்கரைப் பெண்ணுக்கு அதே வசதி இருந்ததா என்று நூல் போதுமான அளவு கேட்கவில்லை.

2020ல் நான்சி தனக்கும் நோய் இருப்பதை வெளிப்படையாகச் சொன்னார். அதைத் தெரிந்துகொண்டு படித்தால் பல பக்கங்கள் வேறு மாதிரி கனக்கின்றன. ஆனாலும் ஆலிஸின் கேள்வி மாறவில்லை. மரபணு ஆலோசனை தரப் போகிறவர்கள் சட்டப் புத்தகத்துக்கு முன்னால் இதைப் படிக்கலாம்.